‘போலீஸ் டிகிரி’ படிச்சா போலீஸ் வேலை கிடைச்சிடுமா? கிரிமினாலஜி படிப்பில் சேரும் முன் தெரிஞ்சுக்க வேண்டியவை

உளுந்தூர்பேட்டை – சேலம் நெடுஞ்சாலையில் இருக்கும் ஊர் எலவனாசூர்கோட்டை. ஊரிலேயே காவல் நிலையம் உண்டு. பக்கத்தில் உளுந்தூர்பேட்டையில் தமிழ்நாடு சிறப்புக் காவல் படையின் 10-வது பட்டாலியன் இருக்கிறது. காக்கிச் சட்டை இந்தப் பகுதி இளைஞர்களுக்கு தூரத்துக் கனவு இல்லை, தினமும் கண்ணில் படும் வேலை.

அதனால்தான் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் பல வீடுகளில் இந்தப் பேச்சு வருகிறது: “போலீஸுக்குன்னே ஒரு டிகிரி இருக்காமே, அதுல சேர்த்துடலாமா?”

இருக்கிறது. குற்றவியல், குற்றவியல் நீதி நிர்வாகம், காவல் நிர்வாகம் எனப் பல பெயர்களில் இருக்கிறது. பேச்சு வழக்கில் கிரிமினாலஜி. ஆனால் ‘அதைப் படித்தால் போலீஸ் வேலை’ என்று யாராவது சொல்லி அட்மிஷன் போடச் சொன்னால், கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும்.

அறிவிப்பு என்ன கேட்கிறது?

தமிழ்நாட்டில் காவலர், எஸ்.ஐ. தேர்வுகளை நடத்துவது சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம். இரண்டாம் நிலைக் காவலர் பணிக்கு பத்தாம் வகுப்பு போதும். எஸ்.ஐ. பணிக்கு ஒரு பட்டம் வேண்டும். எந்தப் பட்டம்? எதுவாக இருந்தாலும் சரி. பி.ஏ. தமிழ், பி.எஸ்சி. கணிதம், பி.காம்., பி.இ., பி.ஏ. கிரிமினாலஜி எல்லாரும் ஒரே வரிசையில்தான் நிற்கணும்.

பொதுப் பிரிவில் எஸ்.ஐ. தேர்வு எழுதுபவர்களுக்கு முதலில் தமிழ் தகுதித் தேர்வு, பிறகு 70 மதிப்பெண்ணுக்கு முதன்மைத் தேர்வு. அதில் பொது அறிவும், தர்க்கம், கணக்கு, உளவியல் திறன் சார்ந்த கேள்விகளும்தான். கிரிமினாலஜிக்கு என்று தனித் தாள் கிடையாது.

இன்னொரு விஷயம். என்.சி.சி., என்.எஸ்.எஸ்., விளையாட்டுச் சான்றிதழ் வைத்திருப்பவர்களுக்கு தேர்வில் சிறப்பு மதிப்பெண் இருக்கிறது. கல்லூரிக்குப் போய் என்ன டிகிரி படிக்கிறோம் என்பதைவிட, அங்கே என்.சி.சி.யில் சேர்ந்தோமா என்பதுதான் இந்த ஒரு தேர்வைப் பொறுத்தவரை நேரடியாக மார்க் தரும் கேள்வி. தொலைநிலைக் கல்வியில் படிப்பவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைப்பது கஷ்டம்.

உடல் தகுதியில் எந்த டிகிரிக்கும் சலுகை இல்லை. ஆண்களுக்கு 170 செ.மீ. உயரம், எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167. பெண்களுக்கு 159, எஸ்.சி., எஸ்.டி. பெண்களுக்கு 157. கல்வராயன் மலையில் இருந்து விண்ணப்பிக்கும் பழங்குடியின மாணவர்கள் இந்த 3 செ.மீ., 2 செ.மீ. வித்தியாசத்தைத் தெரியாமலேயே ‘நமக்கு ஹைட் பத்தாது’ என்று ஒதுங்கிவிட வேண்டாம்.

அப்போ இந்த டிகிரியால் யாருக்கு லாபம்?

ஏற்கெனவே போலீஸில் இருப்பவர்களுக்கு. பத்தாவதோ பிளஸ் டூவோ முடித்து காவலராகச் சேர்ந்தவர், பணியில் இருந்தபடியே தொலைநிலையில் பட்டம் வாங்கினால் எஸ்.ஐ. தேர்வு எழுதலாம். எஸ்.ஐ. அறிவிப்புகளில் 20 சதவீத இடங்கள் துறை ஒதுக்கீடாக வந்திருக்கின்றன. ஐந்து ஆண்டு பணி முடித்திருக்க வேண்டும், வயது வரம்பு 47 வரை. முக்கியமாக, துறை ஒதுக்கீட்டில் எழுதுபவர்களுக்குத்தான் வினாத்தாளில் சட்டம், காவல் நிலைய நடைமுறை பற்றிய கேள்விகள் வரும். கிரிமினாலஜி பாடமும் தேர்வும் ஒன்றோடொன்று ஒட்டுவது அங்கேதான்.

வெளியில் இருந்து வருபவருக்கு கணக்கு வேறு. காவலர் பணிக்கு பொதுப் பிரிவில் வயது 18 முதல் 26 வரை, பி.சி., எம்.பி.சி.க்கு 28, எஸ்.சி., எஸ்.டி.க்கு 31. டிகிரி முடிச்சிட்டுப் பார்த்துக்கலாம் என்று மூன்று ஆண்டுகள் காத்திருப்பவர், அந்த மூன்று ஆண்டில் வரும் காவலர் தேர்வுகளை விடுகிறார். காவலர் தேர்வை எழுதிக்கொண்டே டிகிரி படிப்பதை யாரும் தடுக்கவில்லை.

இங்கிலாந்தில் என்ன நடந்தது?

அங்கே ‘புரொபஷனல் போலீசிங்’ என்றே மூன்றாண்டு பட்டப்படிப்பு இருக்கிறது. இங்கிலாந்து, வேல்ஸில் புதிதாகச் சேரும் காவலர்கள் எல்லாரும் பட்டதாரியாக இருக்க வேண்டும், அல்லது பணியில் இருந்தபடி பட்டம் வாங்க வேண்டும் என்ற திட்டத்தை 2016-ல் காவல் கல்லூரி அறிவித்தது. ஒரு பகுதி காவல்துறையே அதை எதிர்த்து கோர்ட்டுக்குப் போனது. கடைசியில் 2022-ல், டிகிரி இல்லாதவர்களுக்கும் ஒரு வழி இருக்க வேண்டும் என்று உள்துறை அமைச்சர் சொல்லிவிட்டார். போலீஸுக்கு டிகிரி கட்டாயமா என்பதில் அங்கேயே இன்னும் ஒருமித்த முடிவு இல்லை.

அப்படி என்னதான் சொல்லித் தருகிறார்கள்?

இதைத்தான் பலர் கேட்பதே இல்லை. துப்பாக்கி சுடவோ பரேடு போடவோ இந்தப் படிப்பில் சொல்லித் தர மாட்டார்கள். குற்றம் ஏன் நடக்கிறது, சட்டம், போலீஸ், கோர்ட், சிறை எப்படி இயங்குகின்றன, பாதிக்கப்பட்டவருக்கு என்ன கிடைக்கிறது என்பதுதான் பாடம்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தையே எடுத்துக்கொள்ளலாம். 2024 ஜூனில் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தனர். எஸ்.பி. சஸ்பெண்ட் ஆனார், கலெக்டர் மாற்றப்பட்டார். அதே மாதக் கடைசியில் மதுவிலக்குச் சட்டத்தில் தண்டனையைக் கடுமையாக்கி சட்டசபையில் திருத்தம் நிறைவேறியது. சி.பி.சி.ஐ.டி. விசாரித்த வழக்கை நவம்பரில் ஐகோர்ட் சி.பி.ஐ.க்கு மாற்றியது.

செய்தியாகப் பார்த்தால் இவ்வளவுதான். கிரிமினாலஜி மாணவர் இதில் வேறு கேள்விகள் கேட்பார். தொழிற்சாலைக்குப் போக வேண்டிய மெத்தனால் எந்தக் கையில் இருந்து எந்தக் கைக்கு மாறியது? தண்டனையைக் கூட்டினால் குற்றம் குறையுமா, இல்லை பிடிபடுவோம் என்ற பயம் வந்தால் குறையுமா? காவல் நிலையத்துக்கு முன்கூட்டியே தகவல் வந்திருந்தால் அது எங்கே நின்றது? இறந்தவர்களின் பிள்ளைகளுக்கு நிவாரணத் தொகையோடு பொறுப்பு முடிந்துவிடுமா? கடைசிக் கேள்விக்காகவே ‘விக்டிமாலஜி’ என்று தனிப் பாடம் இருக்கிறது.

இந்தப் பாடத்துக்கு ஒரு கறுப்புப் பக்கமும் உண்டு. 19-ம் நூற்றாண்டில் இத்தாலியின் லோம்ப்ரோசோ, சிலர் பிறவியிலேயே குற்றவாளிகள், முக அமைப்பைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்றார். பிறப்பை வைத்து முத்திரை குத்தும் அதே எண்ணத்தில் இந்தியாவில் ஆங்கிலேயர்கள் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டமே போட்டார்கள். நாடு முழுவதும் அந்த முத்திரை சட்டப்படி நீங்கியது 1952-ல். நடைமுறையில் நீங்கியதா? பக்கத்து கடலூர் மாவட்டம் முதனை கிராமத்து ராஜாக்கண்ணு 1993-ல் போலீஸ் காவலில் இறந்த வழக்கை ‘ஜெய் பீம்’ படம் மூலம் பலரும் அறிந்தார்கள். எஸ்.ஐ. ஆகப் போகிறவர் முதலில் படிக்க வேண்டியது இந்தப் பகுதியைத்தான்.

பழைய புத்தகம் வாங்காதீங்க

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் மூன்றும் போய், பாரதிய நியாய சன்ஹிதா, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, பாரதிய சாக்ஷிய அதினியம் வந்துவிட்டன. 511 பிரிவுகள் இருந்த இடத்தில் இப்போது 358. கொலைக்கு 302 இல்லை, 103. மோசடிக்கு 420 இல்லை, 318. (திட்டும்போது மட்டும் 420 இன்னும் மாறலை.) சோதனையை வீடியோ எடுப்பது கட்டாயம். ஏழு ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வர வேண்டும் என்றும் புதிய சட்டம் சொல்கிறது.

சீனியரிடம் பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று 2024-க்கு முந்தைய கைடு வாங்கினால், பிரிவு எண்கள் மொத்தமும் தப்பாகத்தான் மனப்பாடம் ஆகும். கல்லூரியில் சேரும் முன் ‘சிலபஸ் புதுச் சட்டத்துக்கு மாறியாச்சா’ என்று கேளுங்க.

எங்கே படிக்கலாம்?

சென்னைப் பல்கலைக்கழகத்திலும், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகத்திலும் கிரிமினாலஜிக்கு தனித் துறைகளே உண்டு. அங்கே முதுநிலை, ஆராய்ச்சிப் படிப்புகள் நடக்கின்றன. முதுநிலையில் சேர இளநிலையில் கிரிமினாலஜிதான் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. அதாவது, உள்ளூர் அரசுக் கல்லூரியில் பிடித்த டிகிரியை முடித்துவிட்டு, பிறகும் இந்தப் பக்கம் வரலாம். வீட்டில் இருந்தபடி படிக்க தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பு இருக்கிறது. தொலைநிலைப் படிப்பில் சேர இப்போது யு.ஜி.சி.யின் டெப் ஐ.டி. எடுக்க வேண்டும்.

இங்கேதான் பெரிய சிக்கல்

பத்தாவது, பிளஸ் டூ முடிக்காமல் திறந்தநிலையில் நேரடியாக வாங்கிய பட்டம் அரசு வேலைக்கும் பதவி உயர்வுக்கும் செல்லாது என்று 2009-ல் அரசாணை எண் 107 வந்தது. எஸ்.ஐ. அறிவிப்பும் 10, 12, பட்டம் என்ற வரிசையைத்தான் கேட்கிறது. “பிளஸ் டூ ஃபெயிலா? பரவாயில்லை, நேரா டிகிரி” என்று யாராவது சொன்னால், பணம் கட்டும் முன் இந்த அரசாணை எண்ணைச் சொல்லிக் கேளுங்க.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீட்டிலும் இதே கவனம் வேண்டும். 2020-ல் வந்த திருத்தப்படி பட்டத்தை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருக்க வேண்டும். பள்ளி முழுக்க தமிழில் படித்துவிட்டு டிகிரியை ஆங்கில வழியில் எடுத்தாலும், பட்டம் தகுதியாக உள்ள வேலைகளில் அந்த ஒதுக்கீடு போய்விடும். எந்த மொழி வழி என்பதை விண்ணப்பத்தில் குறிக்கும்போதே முடிவு செய்யுங்க.

போலீஸ் கிடைக்கலைன்னா?

டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2-ல் நன்னடத்தை அலுவலர், சிறப்புப் பிரிவு உதவியாளர் பதவிகள் வரும். உதவி சிறை அலுவலர் தேர்வும் தனியாக நடக்கும். சிறைத்துறை அதிகாரிகளுக்கு என்றே வேலூரில் பயிற்சி அகாடமி இருக்கிறது. முதுநிலை முடித்தவர்கள் கிரிமினாலஜியிலேயே நெட் தேர்வு எழுதி ஆசிரியர் பணிக்குப் போகலாம். தடயவியல் ஆய்வகம்தான் ஆசை என்றால் பி.ஏ. உதவாது, வேதியியல், இயற்பியல், உயிரியல் மாதிரி அறிவியல் பட்டம் வேண்டும். அரசு வழக்கறிஞர் ஆக சட்டப்படிப்பு தேவை. தடயவியல் மனதில் இருப்பவர்கள் பிளஸ் ஒன்னில் குரூப் எடுக்கும்போதே முடிவு செய்தாக வேண்டும்; சட்டப்படிப்புக்கு எந்த குரூப் என்றாலும் சரி.