வாடிவீட்டுப் பதிவேடும் கங்காணியின் கணக்கும்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக ஊவா மலைகளை நோக்கி ஏறிவரும் நெடுஞ்சாலை பெரகலவில் இரண்டாகப் பிரிகின்றது. ஒரு கிளை அப்புத்தளையையும் பண்டாரவளையையும் தொட்டுப் பதுளையை நாடிச் செல்லும்; மற்றொன்று கொஸ்லாந்தையைக் கடந்து வெல்லவாயப் பக்கம் இறங்கும். புகைவண்டி அப்புத்தளைக்கு 1893இலும் பண்டாரவளைக்கு 1894இலும் வந்து சேர்ந்தது. பதுளையை எட்டுவதற்கு 1924 ஆயிற்று. அதற்கு முன்னர் இம்மலைகளுக்கு வந்தோர் குதிரையிலோ, மாட்டுவண்டியிலோ, கால்நடையாகவோதான் வந்தனர். அவ்வாறு வந்தவர்கள் வழியில் என்ன உண்டனர், உண்டதைப் பற்றி என்ன கூறினர் என்பதும் வரலாற்றின் ஒரு பகுதியே ஆகும்.

வழிப்போக்கருக்கு அரசாங்கம் அமைத்த இல்லங்களை இலங்கைத் தமிழர் வாடிவீடு என்பர். ஒல்லாந்தர் காலத்தில் தொடங்கிய இவ்வழக்கத்தை ஆங்கிலேயர் தம் சாலைகளோடு சேர்த்து வளர்த்தனர். பெலிஹுல் ஓயா, அப்புத்தளை, எல்ல, பதுளை என இந்த வட்டாரத்திலும் வாடிவீடுகள் எழுந்தன. படுக்கைக்கு இவ்வளவு, உணவுக்கு இவ்வளவு என்று கட்டண விவரம் சுவரில் தொங்கும். மேசைமேல் ஒரு பதிவேடு இருக்கும். தங்கிச் செல்பவர் அதில் தம் பெயரையும் தம் கருத்தையும் எழுதலாம். குறையிருப்பின் அதையும் குறிக்கலாம். மேற்பார்வைக்கு வரும் அதிகாரி அதனைப் படிப்பார். ஆகவே, புறப்படும் விருந்தினரின் பேனா எந்தப் பக்கம் சாயும் என்ற கவலை வாடிவீட்டுக் காப்பாளருக்கு எப்போதும் இருந்திருக்கும்.

வெள்ளையரின் முறையீடுகளில் முதலிடம் பெற்றது கோழி. இந்தியாவிலுள்ள இத்தகைய பயணியர் விடுதிகளின் கோழிக்கு ஆங்கிலேயர் ‘திடீர்ச் சாவு’ என்றே பெயரிட்டிருந்தனர். பயணி வாயிலில் நுழையும்போது முற்றத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழி, அவர் குளித்து உடை மாற்றி வருமுன் மேசைக்கு வந்துவிடுமாம். 1886இல் வெளியான ‘ஹாப்சன் ஜாப்சன்’ என்னும் ஆங்கிலோ இந்தியச் சொற்களஞ்சியம் இப்பெயரைப் பதிவு செய்துள்ளது. நகைப்புக்கு உரியதுதான். ஆயினும் சமையற்காரரின் நிலையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பனிக்கட்டிப் பெட்டி இல்லை. அருகே இறைச்சிக் கடை இல்லை. முன்னறிவிப்பு இல்லாமல் மழையில் நனைந்து பசியோடு வரும் துரைக்கு ஒரு மணி நேரத்துக்குள் உணவு படைத்தாக வேண்டும். முற்றத்துக் கோழியைத் தவிர அவருக்கு வேறு கதி ஏது?

எல்லா விருந்தினரும் குறை சொல்லிகளாக இருந்துவிடவில்லை. செர்மானிய விலங்கியல் அறிஞர் எர்ன்ஸ்ட் ஹெக்கேல் 1881இன் இறுதியில் இலங்கைக்கு வந்து, தென்கரையிலுள்ள வெலிகம வாடிவீட்டையே தம் ஆய்வுக்கூடமாக்கிக்கொண்டார். அங்கிருந்த காப்பாளரின் முகம் கிரேக்க ஞானி சாக்ரடீசின் சிலையை ஒத்திருந்ததாம்; அதனால் அவரை அப்பெயராலேயே அழைத்தார். நாள்தோறும் சோறும் கறியும் உண்ட ஹெக்கேல், ஆராய்ச்சிக்கு வந்த குரங்கு, வௌவால், உடும்பு ஆகியவற்றின் இறைச்சியையும் சுவைத்துப் பார்த்து, எது நன்று, எது நாறும் என்று தம் பயண நூலில் எழுதி வைத்தார். இங்கிருந்து திரும்புமுன், 1882இல் ஓட்டன் சமவெளியிலிருந்து இறங்கிப் பெலிஹுல் ஓயா வழியாக இரத்தினபுரிக்குச் சென்றார். அவருடைய நூலினால் அந்தக் காப்பாளர் ஐரோப்பிய வாசகர்களுக்கு அறிமுகமானார். ஆனால் அறிமுகமான பெயர் அவர் பெற்றோர் இட்ட பெயரன்று.

இவ்விடத்தில் காளமேகப் புலவரை நினைக்காமல் இருக்க இயலாது. பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அவர், நாகப்பட்டினத்தில் காத்தான் என்பவரின் சத்திரத்தில் சோற்றுக்குக் காத்திருந்த கதை தமிழர் நன்கறிந்தது. பொழுது சாயும்போது அரிசி வந்து, ஊர் உறங்கும்போது உலை ஏறி, விடிவெள்ளி தோன்றும்போது ஓர் அகப்பைச் சோறு இலையில் விழுகின்றது என்று அவர் வெண்பாவில் வைது தீர்த்தார். சத்திரத்தார் பதறி வந்து வேண்டவே, அதே செய்யுளுக்கு, பஞ்ச காலத்திலும் அரிசி வந்து குவியும், ஊரின் பசி அடங்கும், சோற்றின் வெண்மைக்கு வெள்ளியும் நாணும் என்று வேறு பொருள் உரைத்தாராம். உணவு படைத்தவர் உண்டவரிடம் முகத்துக்கு நேராக வந்து முறையிட அங்கே இடமிருந்தது. வாடிவீட்டுப் பதிவேட்டிலோ காப்பாளரின் மறுமொழிக்கென்று ஒரு பத்தியும் கோடிட்டு வைக்கப்படவில்லை.

இனி, இதே மலைகளுக்கு வந்த மற்றொரு கூட்டத்தாரைப் பார்ப்போம். கோப்பிக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தனர். ஊவாவுக்கு விதிக்கப்பட்டவர்கள் அதற்கப்பாலும் நடக்க வேண்டியிருந்தது. வழியில் பசியாலும் கொள்ளை நோயாலும் மடிந்தவர் பலர். தனுஷ்கோடி–தலைமன்னார்க் கப்பலோடு இணைந்த புகைவண்டிப் பாதை 1914இல்தான் திறக்கப்பட்டது. இவர்களும் வழிநெடுக உண்டவர்களே. இவர்கள் உண்ட சோற்றைப் பற்றியும் ஒரு புத்தகத்தில் எழுதப்பட்டது. அது கங்காணியின் கணக்குப் புத்தகம். வழிச்செலவும் அரிசியும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் பற்றாக ஏறின. ஊரில் பட்ட கடனும் அதனுடன் சேர்ந்தது. தோட்டம் மாற விரும்பினால் இக்கடன் தொகை எழுதிய ‘துண்டு’ என்னும் சீட்டு முன்னே நின்றது. அத்தொகையைப் புதிய தோட்டத்தார் கட்டினாலன்றி அவர் நகர முடியாது.

சோறு வெந்திருந்ததா, அரிசியில் கல் கிடந்ததா என்று அவரை எவரும் எழுதச் சொன்னதில்லை. துரை தின்ற கோழியின் கடினம் இன்றும் ஏட்டில் இருக்கின்றது. தொழிலாளி தின்ற கஞ்சிக்கு விலை மட்டுமே ஏட்டில் ஏறியது.

1917இல் மார்ஜோரிபாங்க்சும் அகமது தம்பி மரைக்காயரும் சென்னை அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கை இக்கடன் சுமையை வெளிப்படுத்தியது. துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி 1929 முதல் மலைநாட்டில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதமும் பெண்ணுக்கு 43 சதமும் கூலியாயின. தோட்டத்து அரிசியின் விலையும் வரையறுக்கப்பட்டது. ஒரே மலையில் ஒரே கொழுந்தைப் பறித்தவளுக்கு 11 சதம் குறைவு ஏன் என்பதற்கு அச்சட்டத்தை இயற்றியவர்களே விடை கூற வேண்டும். அரிசியின் பெறுமதி முன்போலவே சம்பளத்தில் கழிக்கப்பட்டு வந்தது.

தொழிலாளரின் சொந்தக் கருத்து அடியோடு அழிந்துவிட்டது என்று எண்ணுவதற்கில்லை. சி. வி. வேலுப்பிள்ளை திரட்டிய மலைநாட்டுப் பாடல்களில் கங்காணி மீதான ஏளனமும் பட்டினியின் சலிப்பும் ஒலிக்கின்றன. அவை கொழுந்து மலைகளிலும் லயங்களிலும் வாய்வழியாகவே உலவி, வெகுகாலம் கழித்தே அச்சேறின. வாடிவீடுகளின் நிலையும் பின்னர் மாறியது. 1966இல் இலங்கை ஹோட்டல் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டபின் அவற்றுள் சில அதன் பொறுப்பில் உல்லாசப் பயண விடுதிகளாயின.

பெரகல வழியே இப்போது கொழும்புக்கும் பதுளைக்கும் இடையே பேருந்துகள் இரவும் பகலும் ஓடுகின்றன. வழிக்கடையில் பேருந்து நிற்கும்போது, தோட்டத்திலிருந்து கொழும்புக்கு வேலைக்குச் செல்லும் இளைஞரும் இறங்கி ரொட்டியும் தேத்தண்ணீரும் வாங்குகின்றனர். சம்பல் உறைத்தால் கடைக்காரரின் முகத்தைப் பார்த்தே சொல்லுகின்றனர். அவரும் சும்மா இருப்பதில்லை, குளிருக்கு அந்த உறைப்பு வேண்டும் ஐயா என்று மறுமொழி கூறி, மீதிச் சில்லறையை எண்ணிக் கையில் வைக்கின்றார்.