செடிக்குள்ளே ஒரு பாதுகாப்புப் படை: தோட்டச் செடிகளை நோயிலிருந்து காக்கும் நுண்ணுயிர்கள் பற்றித் தெரியுமா?

ஒரே மண், ஒரே தண்ணீர், ஒரே வெயில். ஆனாலும் ஒரு செடியில் இலைப்புள்ளி நோய் வேகமாகப் பரவும். பக்கத்துத் தொட்டியில் இருக்கும் செடி தப்பித்துவிடும். ரகம், வயது, காற்றோட்டம் என இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் உண்டு. அதுதான் செடிக்குள்ளேயே குடியிருக்கும் பாக்டீரியாக்களும் பூஞ்சைகளும்.

நுண்ணுயிர் என்றாலே நோய் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால், உள்ளே எந்த நுண்ணுயிரும் இல்லாத 'சுத்தமான' செடி, நோய் வந்தால் சீக்கிரம் சரிந்துவிடக்கூடும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

எண்டோஃபைட் என்றால் என்ன?

செடிக்கு நோயை உண்டாக்காமல் அதன் திசுக்களுக்குள் வாழும் நுண்ணுயிர்களுக்கு எண்டோஃபைட் என்று பெயர். தமிழில் உள்வாழ் நுண்ணுயிரிகள் எனலாம். ஜெர்மனியைச் சேர்ந்த தாவரவியலாளர் ஆன்டன் டி பாரி 1866-ல் இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். இவை இலையின் மேல் ஒட்டியிருப்பவை அல்ல. இலை, தண்டு, வேர் ஆகியவற்றின் உள்ளே, பெரும்பாலும் செல்களுக்கு இடையில் இருக்கும் சந்துகளில் வாழ்கின்றன. செடி தயாரிக்கும் சர்க்கரைதான் இவற்றுக்குச் சாப்பாடு.

உள்ளே எப்படி நுழைகின்றன?

வழிகள் பல. பக்கவேர் வெடித்து வெளியே வரும் இடத்தில் விழும் சின்ன விரிசல் ஒரு வாசல். இலைத்துளைகளும், கிளையை வெட்டிய காயங்களும் மற்ற வாசல்கள். சில நுண்ணுயிர்கள் விதை வழியாகவே அடுத்த தலைமுறைக்குப் போய்விடும். வெப்பமண்டல மரஞ்செடிகளில், தளிர் விடும்போது இலைக்குள் பூஞ்சைகள் கிட்டத்தட்ட இருக்காது. காற்றிலும் மழையிலும் வரும் வித்துகள் இலையில் இறங்கி, சில வாரங்களிலேயே உள்ளே குடியேறிவிடும்.

ஜப்பானில் கண்டுபிடித்தது என்ன?

ரோடோடென்ட்ரான், உலகம் முழுக்க தோட்டங்களில் வளர்க்கப்படும் அழகுப் புதர்ச்செடி. நம்ம நீலகிரியில் சிவப்பாகப் பூக்கும் காட்டுப்பூவரசு மரமும் இதே குடும்பத்தில், இதே பேரினத்தைச் சேர்ந்ததுதான்.

இந்தச் செடிகளைத் திசு வளர்ப்பு முறையில் கண்ணாடிக் குடுவைக்குள் பெருமளவில் உற்பத்தி செய்கிறார்கள். இதில் கிருமிகளே இல்லாமல் பார்த்துக்கொள்வது அவசியம். ஆனால் குடுவையை விட்டு வெளியே வந்ததும் இந்த நாற்றுகள் நோய்களுக்கு எளிதில் இரையாகிவிடுகின்றன. கெட்ட கிருமிகளோடு சேர்த்து, கூடவே வாழ வேண்டிய நல்ல நுண்ணுயிர்களையும் அவை இழந்துவிட்டன என்பது இதற்கு ஒரு முக்கியக் காரணம்.

ஜப்பான் ஆய்வாளர்கள் திறந்தவெளியில் நன்றாக வளர்ந்த ரோடோடென்ட்ரான் செடிக்குள்ளிருந்து ஒரு பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார்கள். ஸ்ட்ரெப்டோமைசிஸ் வகையைச் சேர்ந்த அதற்கு ஆர்-5 என்று பெயரிட்டார்கள். முதல் மழையில் எழும் மண்வாசனைக்குக் காரணமானதும், காசநோய் மருந்தான ஸ்ட்ரெப்டோமைசினைத் தந்ததும் இதே பாக்டீரியாக் கூட்டம்தான்.

ஆர்-5 பாக்டீரியாவைத் திசு வளர்ப்பு நாற்றுகளில் சேர்த்தபோது, இலைகளைக் கருக வைக்கும் பெஸ்டலோஷியா நோயை அந்த நாற்றுகள் எதிர்த்து நின்றன. ஆய்வு முடிவு 2000-ல் வெளியானது. பூஞ்சைகளைத் தடுக்கும் ஆன்டிபயாட்டிக் பொருட்களை இந்தப் பாக்டீரியா தயாரிப்பதும் பின்னர் தெரியவந்தது. கால்மியா என்ற இன்னொரு அழகுப் புதர்ச்செடியின் நாற்றுகளில் வேறொரு ஸ்ட்ரெப்டோமைசிஸைச் சேர்த்துப் பார்த்தார்கள். அவற்றுக்கு வறட்சியைத் தாங்கும் திறனும் கூடியது.

எப்படிக் காக்கின்றன?

மூன்று வழிகள் முக்கியமானவை.

1. இடம் பிடிப்பது: நல்ல நுண்ணுயிர் முதலில் வந்து இடத்தையும் உணவையும் பிடித்துக்கொண்டால், பின்னால் வரும் நோய்க்கிருமிக்கு உட்கார இடம் கிடைக்காது. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிப்பது மாதிரி.

2. நேரடித் தாக்குதல்: ஆர்-5 போல, எதிரியைக் கொல்லும் அல்லது வளரவிடாமல் தடுக்கும் பொருட்களைச் சுரப்பது.

3. செடியை உஷார்படுத்துவது: நுண்ணுயிர் உள்ளே இருப்பதால் செடியின் சொந்தத் தற்காப்பு முன்கூட்டியே தயாராகிவிடும். உண்மையான நோய் வரும்போது செடி வேகமாகப் பதிலடி கொடுக்கும்.

முதல் இரண்டு வழிகளுக்கும் மூன்றாவதற்கும் என்ன வித்தியாசம்? இரண்டு ஆய்வுகளைப் பார்த்தால் புரியும்.

பனாமாவில் கோகோ செடிகளில் நடந்த ஆய்வு 2003-ல் வெளியானது. உள்ளே பூஞ்சை இல்லாமல் வளர்த்த நாற்றுகளில் சில இலைகளுக்கு மட்டும் நல்ல பூஞ்சைகளைக் கொடுத்து, பிறகு பைட்டோஃப்தோரா என்ற நோய்க்கிருமியைத் தாக்க விட்டார்கள். நல்ல பூஞ்சை இருந்த இலைகளில் சேதம் குறைவு. அது இல்லாத இலைகள் அதிகமாகக் கருகி உதிர்ந்தன. பாதுகாப்பு பெரும்பாலும் பூஞ்சை இருந்த இலையோடு நின்றுவிட்டது.

இரண்டாவது கதை ராஜஸ்தானின் தார் பாலைவனத்தில் தொடங்குகிறது. அங்கே வளரும் சீமைக்கருவேலம், காட்டு இலந்தை புதர்களின் வேர்ப்பகுதியில் இந்திய விஞ்ஞானிகள் கண்டெடுத்த பூஞ்சை பற்றிய விவரம் 1998-ல் வெளியானது. பிரிஃபோர்மோஸ்போரா இண்டிகா என்று பெயர் வைத்தார்கள். பார்லி பயிரின் வேரில் இதைக் குடியேற்றியபோது வேரழுகல் குறைந்தது; இலையில் வரும் சாம்பல் நோயும் குறைந்தது. பூஞ்சை இருந்ததோ வேரில், பாதுகாப்பு கிடைத்ததோ இலையில். அதாவது, செடி முழுவதும் உஷாராகியிருக்கிறது.

உள்ளே இருப்பவை எல்லாமே நல்லவையா?

இல்லை. இங்கேதான் கவனம் தேவை. சில பூஞ்சைகள் செடிக்குள் பல மாதங்கள் சாதுவாக இருக்கும். வறட்சியிலோ வேறு நெருக்கடியிலோ செடி பலவீனமானால், அதே பூஞ்சை கிளைகளைக் காய வைக்கும் நோயாக மாறிவிடும்.

ஒரு செடியில் சும்மா இருக்கும் நுண்ணுயிர் இன்னொரு செடியைக் கொல்லவும் கூடும். சைலெல்லா பாக்டீரியா இதற்கு உதாரணம். பல தாவரங்களுக்குள் எந்த அறிகுறியும் காட்டாமல் இது வாழும். ஆனால் 1990-களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அரளிச் செடிகளைக் கருக வைத்தது இதன் ஒரு வகைதான். 2013-ல் இத்தாலியின் தெற்குப் பகுதியில் ஆலிவ் மரங்களில் கண்டுபிடிக்கப்பட்ட இதன் இன்னொரு வகை, அங்கே ஏராளமான மரங்களை அழித்தது. சாறு உறிஞ்சும் பூச்சிகள் இதைச் செடிக்குச் செடி பரப்புகின்றன. பார்க்க ஆரோக்கியமாக இருக்கும் செடியையும் பரிசோதித்த பிறகே நாடுகள் எல்லைக்குள் விடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

வீட்டுத் தோட்டத்தில் என்ன செய்யலாம்?

* ஒரு இலையில் புள்ளி தெரிந்ததுமே பூஞ்சைக்கொல்லி அடிக்க வேண்டாம். அது கெட்ட பூஞ்சையோடு நல்லதையும் கொல்லும். முதலில் பாதித்த இலைகளை அகற்றி, காற்றோட்டம் கிடைக்கச் செய்யுங்கள்.

* நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம் சேர்த்தால் வேருக்குப் பலவகை நுண்ணுயிர்கள் கிடைக்கும்.

* செம்பருத்தி, அரளி, மல்லிகைக்குக் கிளையை வெட்டி நடும்போது, நோயில்லாத தாய்ச்செடியாகத் தேர்ந்தெடுங்கள். தாய்ச்செடிக்குள் இருக்கும் நல்லதும் கெட்டதும் கிளையோடு சேர்ந்தே வரும். கத்தரிக்கும் கருவியையும் சுத்தம் செய்துகொள்ளுங்கள்.

* வேளாண் கடைகளில் கிடைக்கும் சூடோமோனாஸ், டிரைக்கோடெர்மா பொடிகளில் இருப்பவை உயிருள்ள நுண்ணுயிர்கள். காலாவதித் தேதி பார்த்து வாங்கி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். ரசாயன மருந்தோடு சேர்த்துக் கலக்கக் கூடாது. சூடோமோனாஸ் பொடியை விதை நேர்த்திக்கு ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் என்ற அளவில் பயன்படுத்துவது வழக்கம்.

* இவை வருமுன் காப்பவை. நோய் முற்றிய செடியை ஒரே நாளில் மீட்டுத் தரும் மருந்தாக எதிர்பார்க்க வேண்டாம்.

* கோடையில் தண்ணீர் தவற விடாதீர்கள். வாடிய செடியில்தான், அதுவரை அமைதியாக இருந்த பூஞ்சை நோயாக மாறும்.

தயிரில் இருக்கும் பாக்டீரியா நம் வயிற்றுக்கு நல்லது என்பது எல்லோருக்கும் தெரியும். செடிக்கும் அப்படி ஒரு துணை உண்டு. அடுத்த முறை மருந்து பாட்டிலை எடுக்கும் முன், உள்ளே இருக்கும் இந்தத் துணையையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.