ஈட்டிச் சீவுளியின் சரித்திரம்

இழைத்தல் என்னும் சொல் தமிழில் பல பொருள் குறித்து வழங்கும். சந்தனத்தைக் கல்லிலிட்டுத் தேய்ப்பதும் இழைத்தலே. பொன்னில் மணி பதிப்பதும் இழைத்தலே. தச்சர் மரத்தை மட்டஞ்செய்து வழவழப்பாக்குவதும் இழைத்தலே. இம்மூன்றற்கும் பொதுவாய் நிற்பது பொறுமையென்பது கூர்ந்து நோக்குவார்க்குப் புலனாம். வர்ணமோ எண்ணெயோ அரக்கோ பூசுமுன் மரத்தின் மேனி செம்மையுறல் வேண்டும்; அடிப்பரப்புப் பிழைபடின், மேற்பூச்சு அப்பிழையை மறையாது, விளக்கியே காட்டும். இதன்பொருட்டு ஜப்பான் தேசத்துச் சரித்திரமொன்றை நம் சங்கத்து அன்பர்கட்கு ஈண்டு உரைப்பாம்.

நாரா என்னும் பகுதியிலுள்ள ஹோரியூஜி பௌத்த ஆலயம் கி. பி. 670-ல் தீக்கிரையாகிப் பின்னர் மீளக் கட்டப்பெற்றது. அதன் பொற்கூடமும் ஐந்நிலைக் கோபுரமும் உலகில் நிலைத்துள்ள மரக்கட்டடங்களுள் மிகப் பழையனவாம். ஹினோக்கி என்னும் மரமே அவற்றிற்கு உறுப்பு. மரத்தை நெடுகப் பிளக்கும் பெரிய ரம்பம் அந்நாளில் அங்கு வழக்கிலில்லை. ஆகலின் தச்சர் ஆப்பறைந்து பிளந்து, வாய்ச்சியாற் செதுக்கி, முடிவில் யாரிகன்னா என்னும் ஈட்டிச் சீவுளியால் மேனியைத் திருத்தினர். நீண்ட காம்பின் நுனியில் இலைபோன்ற இருபுறக் கூருடைய அலகு சற்றே வளைந்திருக்கும். அதனை இரு கையாலும் பற்றி மரத்தின் இழையோட்டத்தோடு ஈர்ப்பர். அது சென்ற வழியெல்லாம் சிற்றலை போன்ற மெல்லிய குழிவுகள் தோன்றும்.

பதினைந்து பதினாறாம் நூற்றாண்டுகளில், கட்டையினுள் அலகு பொருத்திய இழைப்புளி அந்நாட்டிற் பரவிற்று. சமமான பரப்பு எளிதிற் கிடைத்தமையால், பழைய சீவுளி நாளடைவில் கைவிடப்பட்டது. கருவி மறைந்ததும் அதனைக் கையாளும் வித்தையும் மறைந்தது.

ஹோரியூஜி ஆலயத்துத் தச்சர் குடியில் 1908-ல் பிறந்த நிஷியோகா ட்ஸுனேகாசு என்பார், 1934-ல் தொடங்கிய பெருந்திருப்பணியில் ஈடுபட்டவர். பழைய தூண்களிற் கண்ட அலைத்தழும்புகள் இழைப்புளியால் விளைந்தனவல்ல என்று அவர் தெளிந்தார். எஞ்சிய பழங்கருவியொன்றை மாதிரியாகக் கொண்டு புதிய அலகு அடிப்பித்து, கற்பிக்கும் ஆசான் ஒருவருமின்றித் தாமே முயன்று பழகினார். பின்னர் அவர் தலைமையில் யாகுஷிஜி ஆலயத்துப் பொற்கூடம் 1976-லும், மேலைக் கோபுரம் 1981-லும் எழுந்தபோது, அதே சீவுளி மீண்டும் தூண்களைத் தழுவிற்று. அதன்மேலன்றோ செவ்வண்ணம் பூசினர்! கூரிய அலகு மர இழையை அறுத்துச் செல்லும். விசைக்கருவியோ அதனைப் பிய்த்துவிடும். பிய்ந்த இழையில் நீர் தங்கிப் பூஞ்சணம் பற்றும் என்பது அவர் கொள்கை. 1995-ல் அவர் மறைந்தார். வித்தை அவர் மாணாக்கரிடத்து நின்றது.

ஆசான் இல்லாதவிடத்து மரத்தின் தழும்பே ஆசானாயிற்று. ஆயினும், எல்லாக் கலைக்கும் அத்தகைய தூண் வாய்க்குமென நம்பியிருத்தல் தகாது. நம் இல்லங்களின் பரண்மேல் பாட்டனார் கருவியொன்று கிடக்குமாயின், அதனைப் பழைய இரும்புக்காரனுக்கு எடைபோடுமுன், அதன் பெயரையும் பயனையும் முதியோர்பாற் கேட்டு எழுதி வைப்போமாக.