கிழமைக்கு ஒரு பென்னி



வசந்தம் என்ற சொல்லைக் கேட்டதும் நமது இலக்கிய மனம் மாந்தளிரையும் குயிலையும் தென்றலையும் தேடிச் செல்கின்றது. இளவேனில் நமக்குக் காதலரின் பருவம். ஆனால், குளிர் நாடுகளில் வாழ்ந்த ஏழை மக்களுக்கு வசந்தம் இன்னொரு முகத்தோடும் வந்தது. பனிக்காலத்தில் வேலை நின்று போயிருக்கும். சேர்த்து வைத்த தானியமும் விறகும் தீர்ந்திருக்கும். அடுத்த அறுவடைக்கோ இன்னும் பல மாதங்கள் இருக்கும். மரங்கள் பூக்கும் வேளையிலேயே பல வீடுகளில் அடுப்பு அணைந்து கிடக்கும். அத்தகைய பருவத்தில் அயலவரின் கதவைத் தட்டி நலம் விசாரிக்க முன்வந்த சாதாரண மனிதர்களின் வரலாறே இன்றைய எனது பேச்சின் பொருள்.

அம்மனிதர்கள் 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் மெதடிஸ்தர்கள். ஒழுங்குமுறை தவறாது வாழ முயன்ற ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக மாணவர் சிலருக்குக் கேலியாகச் சூட்டப்பட்ட பெயரே பின்னர் ஒரு திருச்சபையின் பெயராக நிலைத்தது. அவர்களின் தலைவர் ஜோன் வெஸ்லி (1703-1791). அவருடைய சமயக் கொள்கைகளை இங்கு ஆராய நான் முற்படவில்லை. அவர் தமது நாட்குறிப்பைத் தம் வாழ்நாளிலேயே பகுதி பகுதியாக அச்சிட்டு வெளியிட்டார். 1749ஆம் ஆண்டில், மெதடிஸ்தர் எனப்படுவோர் யார், அவர்கள் செய்வது என்ன என்பதை விளக்கி, நண்பரான ஒரு குருவானவருக்கு எழுதிய நீண்ட கடிதத்தையும் நூலாக்கினார். அலங்காரம் எதுவுமற்ற உரைநடை. இலக்கம், நாள், கிழமை, செலவு எல்லாம் அப்படியே எழுதப்பட்டிருக்கின்றன. அந்த வரவு செலவுக் கணக்குகளுக்கிடையே ஒரு சமூகத்தின் நெஞ்சு துடிப்பதை நான் கேட்கிறேன். அதனாலேயே அவற்றை இலக்கிய நேயர்கள் முன் வைக்கத் துணிந்தேன்.

1739ஆம் ஆண்டு வசந்தத்தில் கதை தொடங்குகின்றது. மார்ச் மாத இறுதியில் வெஸ்லி பிரிஸ்டல் நகருக்கு வந்து சேர்ந்தார். நகருக்கு அப்பால் கிங்ஸ்வுட் பகுதியில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வாழ்ந்தனர். அவருடைய நண்பர் ஜோர்ஜ் வைற்ஃபீல்ட் அவர்களிடையே வெட்டவெளியில் பிரசங்கம் செய்து வந்தார். ஆலயத்துக்கு வெளியே பிரசங்கிப்பது முறையல்ல என்று எண்ணி வளர்ந்தவர் வெஸ்லி. ஆயினும், ஏப்ரல் 2ஆம் திகதி பிற்பகல் நான்கு மணிக்கு நகரின் எல்லையில் ஒரு சிறு மேட்டில் ஏறி நின்று பேசினார். சுமார் மூவாயிரம் பேர் கேட்டார்கள் என்று அவரே எழுதுகிறார். மே 12ஆம் திகதி பிரிஸ்டலின் குதிரைச் சந்தைப் பகுதியில் "புதிய அறை" என்ற கட்டடத்துக்கு முதற்கல் நாட்டப்பட்டது. உலகின் மிகப் பழைய மெதடிஸ்தக் கட்டடம் அதுவே. இன்றும் அது நிற்கின்றது.

பிரசங்கம் வெற்றி பெற்றதென்று சொல்லி நிறுத்திவிடலாம். ஆனால், அடுத்து வந்த பனிக்காலம் நிறுத்த விடவில்லை. 1739 முடிந்து 1740 பிறந்தபோது ஐரோப்பாவே உறைந்து போன கடுங்குளிர். பிரிஸ்டலில் ஒரு புறநகர்ப் பகுதி மக்களுக்கு வேலையும் இல்லை. ஊர்ச் சபையின் உதவியும் இல்லை. வெஸ்லி ஒரே வாரத்தில் மூன்று தடவை நிதி சேர்த்தார். நாளொன்றுக்கு நூறு பேருக்கும், சில நாட்களில் நூற்றைம்பது பேருக்கும் உணவளிக்க முடிந்தது. அந்த ஆண்டின் இறுதியில் இலண்டனில் வேறொரு முயற்சி. மிக வறியவர் பன்னிருவரைச் சபையின் அறைக்கே அழைத்து, கற்பிக்க ஒருவரையும் அமர்த்தி, வசந்தம் வரும்வரை நான்கு மாதங்கள் பஞ்சு பன்னவும் நூல் நூற்கவும் வைத்தார்கள். அவர்களுடைய உழைப்பின் வருவாயே ஏறக்குறைய அவர்களைத் தாங்கியது.

அதன் பின்னர் வந்தது 1741 மே 7. என் எண்ணத்தில், மெதடிஸ்த வரலாற்றில் பெரும் பிரசங்க நாட்களுக்கு ஈடாக வைத்து எண்ணத்தக்க நாள் இது. சபையாரை நோக்கி வெஸ்லி குறைகளை எடுத்துரைத்தார். நம்மவரிற் பலருக்கு உணவில்லை. பலருக்கு உடுக்க உடையில்லை. தம் குற்றமின்றியே பலர் வேலையிழந்து நிற்கின்றனர். ஆகவே, ஒவ்வொருவரும் தம்மால் விட்டுக்கொடுக்கக்கூடிய உடைகளைக் கொண்டுவர வேண்டும். கிழமைக்கு ஒரு பென்னியோ, இயன்றதோ கொடுக்க வேண்டும். வேலையிழந்த பெண்களில் விரும்பியோருக்குப் பின்னல் வேலை கொடுக்கத் திட்டமிட்டார்கள். முதலில் வழக்கமான கூலி. பின் தேவைக்கேற்ப மேலதிகமும். இவற்றைக் கவனிக்கவும் நோயாளரைச் சென்று பார்க்கவும் பன்னிரண்டு பேர் நியமிக்கப்பட்டனர். ஒருவர் தமது வட்டாரத்து நோயாளர் அனைவரையும் ஒன்றுவிட்ட ஒருநாள் பார்க்க வேண்டும். செவ்வாய் மாலையில் கூடி, செய்ததைச் சொல்லி, செய்யவேண்டியதை ஆலோசிக்க வேண்டும்.

நேயர்களே, உதவும் மனம் எக்காலத்திலும் எந்நாட்டிலும் உண்டு. அந்த மனத்துக்கு ஒரு நாளும் ஒரு தெருவும் ஒதுக்கிக் கொடுத்ததே இங்கு புதுமை. இரக்கம் வந்தபோது உதவுவது ஒன்று. செவ்வாய்க்கிழமை வந்ததால் கணக்கொப்பிக்கச் செல்வது இன்னொன்று. இரக்கம் ஓய்ந்த நாளிலும் பின்னது நடக்கும்.

இந்தப் பென்னிக்கு இன்னொரு வேரும் உண்டு. பிரிஸ்டற் கட்டடத்தின் மீது கடன் இருந்தது. 1742 பெப்ரவரி 15ஆம் திகதி அக்கடனைத் தீர்க்கும் வழியை ஆராயக் கூடினர். எல்லாரும் கிழமைக்கு ஒரு பென்னி கொடுக்கலாம் என்றார் ஒருவர். அவர் ஃபோய் என்ற கப்பற் தலைவர் என்று மெதடிஸ்த மரபு சொல்லும். வறியவர்களால் அதுவும் முடியாதே என்று மற்றொருவர் மறுத்தார். அப்படியானால் மிக வறியவர் பதினொருவரை என் பொறுப்பில் விடுங்கள். கிழமைதோறும் நான் அவர்களிடம் போவேன். அவர்களால் முடிந்தால் தரட்டும், முடியாவிட்டால் அவர்களுக்காகவும் நானே கொடுப்பேன் என்று முன்னவர் பதிலளித்தார். பன்னிருவர் கொண்ட "வகுப்பு" என்னும் அமைப்பு பிறந்தது இவ்வாறுதான். கொடுக்க இயலாதவரும் பட்டியலில் இருந்தார். அவர் பெயர் நீக்கப்படவில்லை. அவர் வாசலுக்கும் ஒருவர் போனார்.

இலண்டனில் சபையின் இருப்பிடம் கைவிடப்பட்ட ஒரு பீரங்கி வார்ப்பாலை. சபை வளர வளர நோயாளரைப் பார்த்து வருவது பொறுப்பாளருக்குப் பெருஞ்சுமையாயிற்று. வெஸ்லி நிலைமையை முழுச் சபைக்கும் விளக்கினார். மறுநாட் காலையிலேயே பலர் தாமாக முன்வந்தனர். அவர்களில் 46 பேரைத் தெரிந்தெடுத்து, நகரை 23 பகுதிகளாகப் பிரித்து, பகுதிக்கு இருவராக அனுப்பினார். ஒவ்வொரு நோயாளரையும் கிழமைக்கு மூன்று முறை பார்க்க வேண்டும். அவர்களுக்கு நான்கு விதிகள் இருந்தன. உள்ளத்தைப் பற்றிப் பேசும்போது ஒளிவு மறைவின்றிப் பேச வேண்டும், மென்மையும் பொறுமையும் வேண்டும், செய்யும் பணிவிடை அனைத்திலும் சுத்தம் வேண்டும், அருவருப்புக் காட்டலாகாது. இந்த நான்காவது விதியில் நான் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறேன். நோயாளியின் பாயருகே ஒருமுறையேனும் அமர்ந்தவர்தான் அந்த விதியை எழுதியிருக்க முடியும்.

1746இல் அங்கே ஒரு மருந்தகம் திறக்கப்பட்டது. ஐந்து மாதங்களில் ஐந்நூறு பேருக்கு மேல் மருந்து பெற்றனர். சிறு கடன் நிதி ஒன்றும் எழுந்தது. நகரின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை நடந்து திரட்டிய தொகை சுமார் ஐம்பது பவுண். இருபது சிலிங்குக்கு மேற்படாமற் கடன் வழங்கினார்கள். மூன்று மாதத்தில் திருப்பித்தர வேண்டும். அச்சிறு தொகை சுழன்று சுழன்று ஓராண்டில் 250 பேருக்கு உதவியது. நம்புதற்கரியது என்று கணக்கெழுதிய வெஸ்லியே வியக்கிறார். விதவைகளுக்கென இரு சிறு வீடுகளும் இருந்தன. ஒன்பது விதவைகள், பார்வையற்ற ஒரு பெண், இரண்டு ஏழைப் பிள்ளைகள் ஆகியோர் அங்கே வாழ்ந்தனர். வெஸ்லியும் நகரில் தங்கிய மற்றப் போதகர்களும் அவர்களோடு அதே மேசையில் அதே உணவை உண்டனர்.

1786இல், எண்பது வயதைக் கடந்த நிலையில், நோயாளரைச் சந்திப்பது பற்றி அவர் ஒரு பிரசங்கத்தை வெளியிட்டார். அதன் மையக்கருத்து எளிது. உதவியை அனுப்பிவைப்பது வேறு. நேரிற் செல்வது வேறு. வைத்தியரை அனுப்பினால் நோயாளிக்குப் பயன் கிடைக்கலாம். செல்ல மறுத்தவர் பெற்றிருக்கக்கூடிய மனவளர்ச்சி அவருக்குக் கிடைக்காது. செல்வர் ஏழைகளிடம் இரக்கம் கொள்ளாமைக்கு அவர்களைப் போய்ப் பார்க்காமையே ஒரு காரணம் என்கிறார் அவர். இப்பணியில் ஆணுக்குள்ள அதே உரிமை பெண்ணுக்கும் உண்டென அவர் அங்கே வற்புறுத்துவதும் இங்கு நோக்கற்பாலது.

எனினும், நாணயத்துக்கு மறுபக்கம் உண்டு. பென்னி வாங்கப் போனவர்கள் அவ்வீடுகளில் நடப்பனவற்றையும் கண்டார்கள். ஒழுக்கம் தவறியோரைப் பற்றிச் சொன்னார்கள். கடன் தீர்க்கத் தோன்றிய வகுப்பு, வாழ்க்கையைக் கண்காணிக்கும் அமைப்பாகவும் மாறியது. இங்கிலாந்திற் புரட்சி வெடிக்காமற் போனதற்கு மெதடிஸ்தமும் ஒரு காரணம் என்றார் பிரெஞ்சு வரலாற்றாசிரியர் எலி ஹலேவி. தொழிற்சாலையின் கட்டுப்பாட்டுக்குத் தொழிலாளரின் உள்ளத்தைப் பழக்கிய சமயம் இது என்று 1963இல் வெளிவந்த தமது பெருநூலிற் சாடினார் ஈ. பி. தொம்சன். வங்காளத்தில் மெதடிஸ்த மிஷனின் கல்விப்பணி செய்து, தாகூரைப் பற்றி நூல்கள் எழுதிய எட்வேர்ட் தொம்சனின் மகன் இவர். வெஸ்லி நிறுவிய கிங்ஸ்வுட் பாடசாலையிற் படித்தவர். இவருடைய கண்டனத்தை வெளியாரின் வசையென்று ஒதுக்கிவிட முடியாது.

ஆனால், கற்றுக்கொடுத்த ஒழுங்கு கற்றுக்கொடுத்தவரின் கையிலேயே நின்றுவிடுவதில்லை. டோர்செட் மாவட்டத்தின் டொல்பட்டில் கிராமத்தில் விவசாயக் கூலிகளின் வாரச் சம்பளம் ஏழு சிலிங்குக்கு இறங்கி, ஆறாகக் குறையவும் இருந்தது. அவர்கள் ஒரு சங்கம் அமைத்தனர். அதன் சந்தாவும் கிழமைக்கு ஒரு பென்னிதான். தலைவர் ஜோர்ஜ் லவ்லெஸ் ஒரு மெதடிஸ்த உள்ளூர்ப் பிரசங்கி. சட்டவிரோதமாகச் சத்தியப்பிரமாணம் செய்வித்தார்கள் என்று 1834 மார்ச்சில் ஆறு பேருக்கு ஏழாண்டு நாடுகடத்தற் தண்டனை விதிக்கப்பட்டது. ஏப்ரலில் இலண்டனிற் பெருந்திரளான மக்கள் அவர்களுக்காக ஊர்வலம் சென்றனர். 1836இல் மன்னிப்பு வழங்கப்பட்டது. பேசவும் கூடவும் கணக்கு வைக்கவும் அந்த எளிய மனிதர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடசாலைகளுள் மெதடிஸ்தச் சபை முக்கியமானது என்பதை எவரும் மறுப்பதற்கில்லை.

இவ்வரலாறு நம் கரைக்கும் வந்தது. 1814 மே மாதத்தில், இலங்கைக்கு ஒரு குழுவை அழைத்து வந்த தோமஸ் கோக் இந்து சமுத்திரத்திற் கப்பலிலேயே காலமானார். தலைவரை இழந்த இளைஞர்கள் ஜூன் 29ஆம் திகதி காலியில் இறங்கினர். லிஞ்ச், ஸ்குவான்ஸ் ஆகிய இருவரும் யாழ்ப்பாணம் சென்றனர். மட்டக்களப்புக்குச் சென்ற வில்லியம் ஓல்ட் ஓராண்டு முடியுமுன்னரே, 1815 ஏப்ரலில், அங்கே மறைந்தார். பின்னர் வந்த பீற்றர் பேர்சிவலிடம் ஆறுமுக நாவலர் வேதாகம மொழிபெயர்ப்புப் பணியில் துணைநின்றதை நாம் அறிவோம். அதே நாவலர் 1847 டிசம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிற் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கி, வெள்ளிக்கிழமைதோறும் தொடர்ந்தார். 1848இல் சைவப்பிரகாச வித்தியாசாலையையும் நிறுவினார். கொள்கையில் எதிரெதிர் நின்றவர்கள், குறித்த நாளில் தவறாது செய்வது என்ற முறையில் ஒன்றுபட்டனர்.

கிழமைப் பென்னியைப் படிக்கும்போது நமது பிடியரிசி என் நினைவுக்கு வருகின்றது. உலை வைக்குமுன் ஒரு பிடி அரிசியைத் தனிப் பானையில் இட்டு, பொதுக் காரியத்துக்குக் கொடுத்த தாய்மார் நம்மிடையே வாழ்ந்தனர். அங்கே நாணயம், இங்கே அரிசி. இரண்டிலும் வறியவரும் கொடுப்பவராகத் தலைநிமிர்ந்தார். வாங்குபவராக மட்டும் ஒருவரை வைத்திருப்பது அவரை மேலும் வறியவராக்குவதாகும்.

இன்றும் பிரித்தானிய மெதடிஸ்தச் சபைகளில் வசந்தம் பணிகள் மிகுந்த பருவமே. தவக்காலம், உயிர்த்த ஞாயிறு, மே 24இல் வெஸ்லியின் மனமாற்ற நாள். 1957 முதல் மே மாதத்தில், பல சபைகள் இணைந்து நடத்தும் கிறிஸ்தவ உதவி வாரத்திலும் அவர்கள் பங்கேற்கின்றனர். தொண்டர்கள் ஒரு கடித உறையோடு வீடு வீடாகச் செல்வது அவ்வாரத்தின் மரபு. இப்போது பணத்தை இருந்த இடத்திலிருந்தே நொடியில் அனுப்பிவிடலாம். அதனால் வசூல் குறையாமற் போகலாம். ஆனால், கதவு திறக்கப்படும்போது உள்ளே ஒருவர் தனியே நோயுற்றுக் கிடப்பதை அந்தப் பணம் காணாது. போனவர்தான் காண்பார். 1741ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்தப் பன்னிரண்டு பேரை வீடுகளுக்கு அனுப்பியதன் காரணமும் அதுவே.