சிறு சொல்லும் பல பொருளும்: யாழ்ப்பாணத்து அகராதி வரலாற்றில் ஒரு நோக்கு

பிறமொழி கற்பார் பலர் நெடிய சொற்களையே கடிய சொற்கள் எனக் கருதுவர். ஆராயுமிடத்து உண்மை இதற்கு மாறாதல் புலனாகும். ‘தேமோமீற்றர்’ என்பதற்கு வெப்பமானி என ஒரு சொல் அமைந்தவுடன் ஐயம் நீங்கிவிடுகின்றது. ‘ரன்’ என்னும் சிறு சொல்லோ அவ்வாறு அடங்குவதன்று. மனிதன் ஓடுதலும், ஆறு பாய்தலும், சாயம் கசிதலும், கடை நடத்துதலும், தேர்தலில் நிற்றலும் ஆங்கிலத்தில் அவ்வொரு சொல்லாலேயே உணர்த்தப்படும். யாழ்ப்பாணத்தில் ஆங்கிலம் வேரூன்றிய காலந்தொட்டு அகராதியாளரையும் ஆசிரியரையும் வருத்தியது இச்சிறு சொற்களின் இயல்பேயாகும்.

இவ்வியல்புக்குக் காரணம் ஆங்கில மொழியின் வரலாற்றிலே காணப்படும். 1066 ஆம் ஆண்டில் நோர்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்னர், அரசியல், சட்டம், கலை ஆகியவற்றுக்குரிய சொற்கள் பிரெஞ்சிலிருந்தும் இலத்தீனிலிருந்தும் பெருந்தொகையாக வந்து புகுந்தன. அவற்றுட் பல வரையறுத்த பொருளோடு நின்றன. வீட்டிலும் வயலிலும் வழங்கிய பழஞ்சொற்களோ, புதிய தொழிலும் புதிய பொருளும் தோன்றுந்தோறும் அவற்றையுந் தாமே தாங்கின. வேறுவேறு சொற்கள் ஒலியால் ஒன்றானமையும் உண்டு. ஒளியைக் குறிக்கும் ‘லைற்’ வேறு. பாரமின்மையைக் குறிக்கும் ‘லைற்’ வேறு. காலப்போக்கில் இரண்டும் ஒரே வடிவம் எய்தின.

சாமுவேல் யோன்சன் 1755 இல் வெளியிட்ட அகராதியில் ‘ரேக்’ என்னும் வினைக்கு மட்டும் 134 பொருள் வகுத்தார். ஒக்ஸ்போட் ஆங்கில அகராதியின் 1989 ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘செற்’ என்பது ஏறக்குறைய 430 பொருளோடு முதலிடம் பெற்றது. பின்னைத் திருத்தத்தில் ‘ரன்’ என்னும் வினை 645 பொருளோடு அதனை விஞ்சிற்று. அவ்வொரு வினையை ஆராய்ந்து வகுத்தற்கு அதன் ஆசிரியருள் ஒருவருக்கு ஒன்பது திங்கள் சென்றன.

ஒரு சொல் பல பொருள் தருதல் தமிழர்க்குப் புதிதன்று. மண்டல புருடர் இயற்றிய சூடாமணி நிகண்டின் பதினோராந் தொகுதி ஒருசொற் பல்பொருட் பெயர்களையே கூறுவது. சிங்கம், வண்டு, பகை, திருமால் எனப் பல பொருள்தரும் ‘அரி’ முதலிய சொற்களைத் திண்ணைப் பள்ளி மாணாக்கர் மனனஞ் செய்தனர். ஆறுமுக நாவலர் 1849 இல் சென்னை சென்றபோது அச்சிட்ட நூல்களுள் சூடாமணி நிகண்டுரையும் ஒன்று. ஆயினும், நிகண்டு பெரும்பாலும் பெயர்களையே தொகுத்தது. நாள்தோறும் வழங்கும் எளிய வினைகளின் பொருள் விரிவை அது தொகுக்க முற்படவில்லை.

இந்நிலையில் அகராதி முயற்சி யாழ்ப்பாணத்தில் எழுந்தது. நல்லூரில் ஊழியஞ் செய்த யோசேப்பு நைற் பாதிரியார் சொற்களைத் திரட்டி, அப்பணி முற்றுமுன்னரே 1840 இல் காலமானார். 1842 இல் லீவை ஸ்போல்டிங் பாதிரியாரும் சந்திரசேகர பண்டிதரும் உழைத்த தமிழகராதி, ஏறத்தாழ 58,500 சொற்களோடு மானிப்பாயில் அச்சேறியது. 1844 இல் நைற், ஸ்போல்டிங் ஆகியோரின் ஆங்கில–தமிழ் அகராதி வெளிவந்தது. நைற் திரட்டியவற்றையும் துணைக்கொண்டு வின்சுலோ பாதிரியார் ஆக்கிய தமிழ்–ஆங்கிலப் பேரகராதி, 67,000 சொற்களுக்கு மேற்பட்டதாய் 1862 இல் சென்னையில் வெளிவந்தது. இவர்தம் தொண்டு பெரிது. எனினும், ஒரு சொல்லுக்கு எதிரே நிகரான சொற்களை நிரல்பட வைக்கும் முறைக்கு ஓர் எல்லை உண்டு. சிறு சொல்லின் எதிரே பத்துச் சொற்களைக் காணும் மாணாக்கன், தன் வாக்கியத்துக்கு உரியது எதுவென அவ்வரிசையைக் கொண்டு மட்டும் தெளிதல் அரிது.

இதனை அளவெட்டியின் வாழ்க்கையிலிருந்தே விளக்கலாம். கும்பழாவளைப் பிள்ளையார் கோயில் திருவிழாவில், வீதியிலே சிறுவர் விளையாடுவர், நாதசுரம் ஊதுவர், தவில் அடிப்பர், மேடையிலே கூத்து ஆடுவர். என். கே. பத்மநாதனின் நாதசுரமும் வி. தெட்சணாமூர்த்தியின் தவிலும் புகழ்பெற்ற இவ்வூரில், ஊதுதலும் அடித்தலும் வெவ்வேறு தொழில் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். ஆங்கிலமோ இவை அனைத்தையும் ‘பிளே’ என்னும் ஒரு சொல்லுள் அடக்கும். இனி, மறுதலையாக நோக்குக. தோட்டக்காரன் பாத்தி கட்டுகின்றான். கொத்தன் வீடு கட்டுகின்றான். மணமகன் தாலி கட்டுகின்றான். வழக்காளி பணங் கட்டுகின்றான். தமிழர்க்கு ஒன்றாகிய ‘கட்டு’ ஆங்கிலத்தில் நான்கு சொல்லாகப் பிரியும். ஆகவே, பொருட்பெருக்கம் ஒரு மொழிக்கே உரிய குறையன்று; ஒவ்வொரு மொழியும் உலகைத் தனக்குரிய முறையிற் பகுத்துக்கொள்கின்றது என்க.

இவ்விடர்க்குத் தீர்வு தமிழிலக்கணத்திலேயே உள்ளது. பல பொருள் ஒரு சொல், தன்னொடு வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் பொருள் தெளியப்படும் எனத் தொல்காப்பியர் வகுத்தார். ‘மா பூத்தது’ என்புழி மரமும், ‘மா ஓடிற்று’ என்புழி விலங்கும் எனக் கொள்வது அம்முறையே. சொல்லின் பொருள் அதன் தனிமையில் இல்லை. அதன் கூட்டத்தில் உள்ளது. எடுத்துக்காட்டு வாக்கியங்களைத் தொகுத்துப் பொருள் கண்ட யோன்சனும் ஒக்ஸ்போட் அறிஞரும் பன்னூற்றாண்டு கழிந்து கைக்கொண்டதும் இவ்வுண்மையையே. வட்டுக்கோட்டைச் செமினறியில் ஆங்கிலங் கற்றுச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவராய் விளங்கிய சி. வை. தாமோதரம்பிள்ளை, 1868 இல் தொல்காப்பியச் சொல்லதிகாரத்தைச் சேனாவரையருரையோடு பதிப்பித்தார். இருமொழியும் வல்லார் ஒருவர் கையினின்றே அவ்விதி மீண்டும் நம்மவர் கைக்கு எட்டியமை கருதத்தக்கது.

1940களின் நடுப்பகுதி முதல் இலங்கைப் பாடசாலைகளிற் கல்விமொழி படிப்படியாகத் தாய்மொழியாயிற்று. அறிவியல், ஆட்சித் துறைகளுக்குக் கலைச்சொற் றொகுதிகள் பல ஆக்கப்பட்டன. அவற்றால் நெடுஞ்சொற்கள் வசமாயின. சிறு சொற்களைத் தொகுதியால் வசமாக்க இயலவில்லை. ஆங்கிலம் இரண்டாம் மொழியாகிய பின்னர், நூற்றுக்கணக்கான அருஞ்சொற்களை மனனஞ் செய்த மாணாக்கன் ஓர் எளிய கடிதத்தை விளங்க மாட்டாது தடுமாறுவது வகுப்பறையிற் காணும் காட்சியாயிற்று. பல்கலைக்கழகத்தில் ஆங்கில நூல்களைத் துணைக்கொள்ள வேண்டிய மாணாக்கனுக்கு இஃது அவன் எதிர்காலத்தையே தடுக்குங் குறையாய் முடியும். குறை அவன் அறிவினதன்று. சொல்லுக்குச் சொல் ஈடு தேடும் முறையினது. ‘ரேக்’ என்பதற்கு ‘எடு’ என ஒன்றைக் கற்பித்து நிறுத்தாது, அது மருந்தோடும், பேருந்தோடும், காலத்தோடும் சேர்ந்து வருமிடங்களை வாக்கியங்களாகப் பயிற்றுவதே தக்கது. மருந்தை உட்கொள்கின்றோம், பேருந்தில் ஏறுகின்றோம், வேலைக்குக் காலம் செல்கின்றது எனத் தன் மொழியில் தானே கண்டுகொள்ளும் மாணாக்கன் ஆங்கிலத்தோடு தமிழையுங் கற்றவனாவான்.