உயரம் பாய்தலின் வரலாறு

விளையாட்டை உடலுக்கும் பௌதிகத்தை மூளைக்கும் உரியனவாகப் பிரித்து வைப்பது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. இப்பிரிவினை பொருந்தாது என்பதை உயரம் பாய்தலின் வரலாறு தெளிவாகக் காட்டும்.

1687ஆம் ஆண்டிலே சேர் ஐசாக் நியூற்றன் தம் இயக்க விதிகளை வெளியிட்டார். அவற்றுள் மூன்றாவது, ஒவ்வொரு தாக்கத்துக்கும் சமமும் எதிருமான மறுதாக்கம் உண்டு என்பதாம். பாய்பவர் நிலத்தை உதைக்கின்றார்; நிலம் அவரை மேலே தள்ளுகின்றது. இறுதி அடியில் கால் நிலத்தில் ஊன்றியிருக்கும் நேரம் ஒரு செக்கனின் ஐந்திலொரு பங்கு அளவினதே. அச்சிறு பொழுதிலே பெறும் வேகமே எல்லாவற்றையும் தீர்மானிக்கின்றது. கால் நிலத்தைவிட்டு நீங்கியபின், கையை வீசினாலும் காலை உதறினாலும் அவருடைய புவியீர்ப்பு மையம் செல்லும் பாதை மாறாது. அம்மையத்தை 1.20 மீற்றர் உயர்த்துவதற்குச் செக்கனுக்கு ஏறக்குறைய 4.85 மீற்றர் மேல்நோக்கிய வேகம் வேண்டும்.

புவியீர்ப்பு மையம் என்பது யாது? உடலின் நிறை முழுவதும் ஒருங்கு திரண்டிருப்பதாகக் கொள்ளத்தக்க புள்ளியே அது. நிமிர்ந்து நிற்பவருக்கு அது கொப்பூழின் அருகே அமையும். உடலை வளைத்தாலோ உடலுக்குப் புறம்பாகவும் அமையலாம். காப்பின் மையம் பொன்னிலே இல்லாமல், நடுவிலுள்ள வெறுவெளியிலே இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆதலால், மையத்தை உயர்த்துவது கால்களின் வேலை. உயர்ந்த மையத்தைச் சூழ உடலை ஒழுங்குபடுத்துவது பாய்பவரின் கலை. பழைய கத்திரிப் பாய்ச்சலில் உடல் நிமிர்ந்தே கம்பைக் கடந்தது. எனவே மையம் கம்புக்கு வெகுவாக மேலே செல்ல வேண்டியிருந்தது. 1912ஆம் ஆண்டில் அமெரிக்கரான ஜோர்ஜ் ஹொரைன் பக்கவாட்டில் உருண்டு 2.00 மீற்றரைத் தாண்டினார். பின்னர் வயிறு கீழ்நோக்கக் கம்பின்மேல் புரளும் முறை வந்தது. அம்முறையிலே சார்ல்ஸ் டூமாஸ் 1956இல் 2.15 மீற்றரையும், சோவியத் வீரர் வலேரி புரூமெல் 1963இல் 2.28 மீற்றரையும் எட்டினர். இக்காலத்திலேயே, 1958ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில், யாழ்ப்பாணத்து நா. எதிர்வீரசிங்கம் 2.03 மீற்றர் பாய்ந்து இலங்கைக்குத் தங்கப் பதக்கம் ஈட்டித் தந்தார்.

1963இல் அமெரிக்காவின் ஒரேகன் மாநிலத்திலே டிக் பொஸ்பரி என்னும் பதினாறு வயது மாணவர், கத்திரிப் பாய்ச்சலில் கம்பு தட்டுப்படாதிருக்கத் தம் இடுப்பை உயர்த்திப் பார்த்தார். இடுப்பு உயரத் தோள்கள் பின்னே சாய்ந்தன. சிறிது சிறிதாக முதுகு கீழே இருக்க, தலை முந்திச் செல்லும் புதுமுறை உருவாயிற்று. 1968இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கிலே அவர் 2.24 மீற்றர் பாய்ந்து தங்கம் வென்றார். வில்போல் வளைந்த உடலில் தலையும் முதுகும் இடுப்பும் கால்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கம்பைக் கடக்கின்றன. புவியீர்ப்பு மையமோ கம்பின் கீழாகவே சென்றுவிடக்கூடும்.

பழைய முறை உடனே மறையவில்லை. 1972இல் மியூனிக்கிலே தங்கம் வென்ற யூரி தர்மாக் அம்முறையையே கையாண்டார். ஆயினும் 1980க்குள் புதுமுறை மேலோங்கியது. கியூபாவின் ஹவியர் சொட்டொமயோர் 1993இல் 2.45 மீற்றர் பாய்ந்ததும் அம்முறையாலேயே.

இவ்விடத்தில் ஒன்றைக் கருதவேண்டும். நியூற்றனின் விதி வெளியாகி 281 ஆண்டுகள் கழிந்த பின்னரே இப்பாய்ச்சல் உலகறிய அரங்கேறியது. விதியைப் படித்து ஒருவரும் இதனை வகுக்கவில்லை. ஓர் இளைஞர் முயன்று கண்டதை விதி பின்னர் விளக்கிற்று. அதற்குத் துணைநின்றது தடித்த நுரை மெத்தை. மேலே ஏறிய உடல் அதே விசையோடு கீழே இறங்கும். மெத்தை அந்த வேகத்தைச் சிறிது சிறிதாக அடக்கும். மணலோ ஒரு கணத்தில் நிறுத்தும். முதுகும் கழுத்தும் முந்தி விழுபவருக்கு அவ்வேறுபாடு உயிர் பற்றியது.

மெத்தையில்லாப் பாடசாலைகளின் ஆசிரியர்கள் இதனை மறத்தலாகாது. மணற்குழியில் கால்கள் முந்தி இறங்கும் கத்திரிப் பாய்ச்சலே தக்கது. உலகச் சாதனையாளரைப் படத்திலே கண்டு அவ்வாறே பாய விரும்பும் மாணவனைத் தடுப்பதோடு நில்லாது, தடுப்பதன் காரணத்தையும் கூறுங்கள். அன்றைய பௌதிகப் பாடம் அவனுக்கு மறவாது.