பி.எல்-5சி: ஒரு பேட்டரிப் புராணம்

2007 ஆகஸ்ட் 14 ஞாபகம் இருக்கா மக்களே? சுதந்திர தினத்துக்கு முந்தின நாள். அன்னிக்குத்தான் நோக்கியா அந்த அறிவிப்பை விட்டது. பி.எல்-5சின்னு பேர் போட்ட பேட்டரிகளில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரி, சார்ஜ் ஏறும்போது அதிகமா சூடாகலாம், இலவசமா மாத்தித் தர்றோம்னு. மட்சுஷிட்டா (இன்றைய பானாசோனிக்) கம்பெனி 2005 டிசம்பரிலிருந்து 2006 நவம்பர் வரைக்கும் செய்த சரக்கு. உலகம் முழுக்க வந்த புகார் சுமார் நூறு. பெரிய காயம் யாருக்கும் இல்லைன்னு கம்பெனி சொன்னது. ஆனா நம்ம ஊருக்கு அந்தச் செய்தி வந்து சேரும்போது "நோக்கியா போன் குண்டு மாதிரி வெடிக்குதாம்"னு ஆகியிருந்தது.

எனக்கு அப்போ பத்து வயசு. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துல எங்க தெரு முழுக்க தறி வீடுகள். செல்போன் வச்சிருந்த அத்தனை பேரும் போனோட முதுகை உரிச்சு, பேட்டரியைக் கழட்டி, அதுல பொடி எழுத்துல அச்சடிச்சிருந்த 26 இலக்க எண்ணைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. நெசவாளிங்க பலருக்கு நாப்பது தாண்டினா கண்ணுல கோளாறு. அதனால எண்ணைப் படிச்சுச் சொல்ற வேலை என்னை மாதிரி பொடிசுங்களுக்கு வந்தது. சும்மா சொல்லக்கூடாது, அந்த ஒரு வாரம் நாங்கதான் தெருவோட சாஃப்ட்வேர் இஞ்சினியர்கள் :-)

இப்ப பெங்களூர்ல பொட்டி தட்டிக்கிட்டு இருக்கேன். இந்த வாரம் ஆணி கொஞ்சம் கம்மி, அதான் கொசுவத்தியைச் சுத்த ஆரம்பிச்சுட்டேன். சும்மா நினைவோட நிறுத்தாம கொஞ்சம் சரித்திரமாவும் எழுதலாம்னு ஆசை. ஏன்னா அந்த முதுகை உரிக்கிற உரிமை, உள்ள என்ன பேட்டரி போடணும்னு நாமளே முடிவு பண்ற உரிமை, நம்ம கண்ணு முன்னாடியே வந்து நம்ம கண்ணு முன்னாடியே போயிடுச்சு. அது நடந்த காலத்துல போன் செஞ்ச ஊரும் எங்க மாவட்டம்தான்.

முதல்ல கொஞ்சம் வேதியியல். (ஓடாதீங்க, ரெண்டே பத்தி.) தொண்ணூறுகளில் வந்த செங்கல் சைஸ் போன்கள்ல நிறைய நிக்கல் வகை பேட்டரிகள். அதுல நிக்கல் காட்மியத்துக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பாதியில பாதியில சார்ஜ் போட்டா, அந்தப் பாதியையே தன்னோட எல்லைன்னு 'ஞாபகம்' வச்சுக்கும். அதனால முழுசா இறக்கி முழுசா ஏத்தணும். கடைக்காரர் புது போனைக் கையில கொடுத்து "மொதல்ல எட்டு மணி நேரம் சார்ஜ் போடுங்க சார்"னு சொன்னாரே, அது அந்தக் காலத்து மிச்சம். லித்தியம் பேட்டரிக்கு அது தேவையே இல்லை. நிறைஞ்சதும் சர்க்யூட்டே நிறுத்திடும். ஆனா பேட்டரி மாறி பத்து வருஷம் ஆகியும் மந்திரம் மட்டும் மாறலை. இன்னிக்கும் எங்க அம்மா புது போனை ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டுத்தான் பூஜை பண்றாங்க.

லித்தியம் அயான் பேட்டரியை முதல்ல விற்பனைக்குக் கொண்டுவந்தது சோனி, 1991-ல். அதுக்குப் பின்னாடி இருந்த விட்டிங்காம், குட்இனஃப், யோஷினோ மூணு பேருக்கும் 2019-லதான் நோபல் கிடைச்சது. குட்இனஃபுக்கு அப்போ வயசு 97. நல்ல வேளை, மனுஷன் காத்திருந்தார்.

இந்த மாற்றத்துக்கு நடுவுலதான் 'பெரிய பேட்டரி'ங்கிற சங்கதி பிறந்தது. 1996-ல வந்த மோட்டரோலா ஸ்டார்டாக்குக்கு கூடுதல் பேட்டரி ஒண்ணைப் பின்னால மாட்டிக்கலாம். கனம் வேண்டாம்னா கழட்டி வச்சுடலாம். நோக்கியா 3310-க்கு நிக்கல் பேட்டரியும் உண்டு, லித்தியம் பேட்டரியும் உண்டு. எதைப் போடறதுங்கிறது வாங்குறவன் இஷ்டம். ஜாக்கெட்டுக்குத் துணி எடுக்கிற மாதிரி.

அப்புறம் வந்தது 2003-ல நோக்கியா 1100. டார்ச் லைட், தூசி புகாத கீபேட், உள்ளே நம்ம கதாநாயகன் பி.எல்-5சி. உலகத்துல 25 கோடிக்கு மேல வித்த போன். கைத்தறிக்கு கரண்ட் வேண்டாம். ஆனா கோர்வை போடும்போது உடல் பக்கம் எது, கரை பக்கம் எதுன்னு இழை பார்க்க வெளிச்சம் வேணும். 2008-லிருந்து தமிழ்நாட்டுல மின்வெட்டு எப்படி இருந்ததுன்னு சொல்லவே வேண்டாம். 2012-ல சென்னைக்கு ரெண்டு மணி நேரம், வெளி மாவட்டங்களுக்குப் பல நாள் பத்து மணி நேரத்துக்கும் மேல. அப்போ எங்க தெருவுல 1100-ங்கிறது போன் இல்லை, பேசவும் தெரிஞ்ச டார்ச். ஒரு தடவை சார்ஜ் போட்டா நாலஞ்சு நாள் வரும். தேய்ஞ்சு போனா பஸ் ஸ்டாண்ட் பக்கத்துல எந்தக் கடையிலயும் வேற பேட்டரி கிடைக்கும்.

அங்கதான் சிக்கலே. எந்தக் கடையிலயும்னா, எந்த பேட்டரியும்.

2003 வாக்கில் ஐரோப்பாவுல சில நோக்கியா போன்கள் வெடிச்சப்போ, காரணம் போலி பேட்டரிதான்னு கம்பெனி சொன்னது. அப்புறம் ஒரிஜினல் பேட்டரி மேல ஹாலோகிராம் ஒட்ட ஆரம்பிச்சாங்க. போனோட வர்ற கையேட்டுல அதைச் சோதிக்கிற முறைன்னே ஒரு பக்கம் இருக்கும். ஒரு கோணத்துல பார்த்தா கைகோக்குற சின்னம், இன்னொரு கோணத்துல பார்த்தா வேற சின்னம். இடது, வலது, கீழே, மேலேன்னு சாய்ச்சா முறையே 1, 2, 3, 4 புள்ளி தெரியணும். எத்தனை பேர் அந்தப் பக்கத்தைப் படிச்சாங்கங்கிறது வேற கதை.

ஆனா எங்க ஊர்க்காரங்களுக்கு இது புதுசே இல்லை. சரிகைன்னா நடுவுல சிவப்புப் பட்டு நூல், அதைச் சுத்தி வெள்ளியும் செம்பும், மேலே தங்க முலாம். சுரண்டிப் பார்த்து உள்ளேயிருந்து சிவப்புப் பட்டு வந்தா நம்பலாம். வெள்ளையா வேற ஏதாவது நூல் எட்டிப் பார்த்தா டுபாக்கூர். நல்ல சரிகை கிடைக்கணும்ங்கிறதுக்காகவே 1971-ல அரசு, காஞ்சிபுரத்துல தமிழ்நாடு ஜரி நிறுவனத்தை ஆரம்பிச்சது. 2004-ல மத்திய பட்டு வாரியம் சில்க் மார்க் கொண்டுவந்தது, அதுலயும் ஹாலோகிராம். அதாவது பட்டுக்கும் பேட்டரிக்கும் கிட்டத்தட்ட ஒரே காலத்துல பளபளா ஸ்டிக்கர் ஒட்டினாங்க. ரெண்டுலயும் வாங்குறவனால உள்ளே பார்க்க முடியாது. ரெண்டுலயும் போலி பண்றவன் முதல்ல போலி பண்றது ஸ்டிக்கரைத்தான்.

2007-ல சூடானது போலி இல்லைங்கிறதுதான் இந்தப் புராணத்துல பெரிய திருப்பம். ஒரிஜினல் பேட்டரி. பேர் பெற்ற ஜப்பான் கம்பெனி செஞ்சது. பி.எல்-5சியை நோக்கியாவுக்குப் பல கம்பெனிகள் செஞ்சு கொடுத்தாங்க, மொத்தம் 30 கோடிக்கு மேல. அதுல ஒரு கம்பெனியோட ஒரு வருஷச் சரக்குல கோளாறு. எது நல்லது எது கெட்டதுன்னு பிரிச்சுச் சொன்னது ஹாலோகிராம் இல்லை, எங்களை மாதிரி பொடிசுங்க படிச்ச அந்த 26 இலக்கம்தான். இன்னொண்ணையும் கவனிங்க. 4 கோடி 60 லட்சம் பேருக்கும் தீர்வு ஒரே மாதிரி: மூடியைத் திற, பழசை எடு, புதுசைப் போடு. ஸ்க்ரூ டிரைவர்கூட வேண்டாம்.

இந்தக் கூத்து நடந்தப்போ நோக்கியாவோட பெரிய தொழிற்சாலைகள்ல ஒண்ணு எங்க ஊர்லேர்ந்து ஒரு மணி நேர பஸ் தூரத்துல, ஸ்ரீபெரும்புதூர்ல ஓடிக்கிட்டு இருந்தது. 2005-ல தமிழக அரசோட ஒப்பந்தம், 2006 ஜனவரியில உற்பத்தி. உச்சத்துல சுமார் 8000 பேர் வேலை பார்த்தாங்க, பெரும்பாலும் பெண்கள். எங்க தெருவுலேர்ந்தும் ஒரு அக்கா கம்பெனி பஸ்ல போயிட்டு வந்தாங்க. அவங்க வீட்டுல மூணு தலைமுறையா தறி. மாசம் பொறந்தா கையில சம்பளம்னு வந்தது அந்த அக்காவுக்குத்தான் முதல்ல. தறியில அப்படி இல்லை, சேலை முடிஞ்சாத்தான் கூலி.

அதே 2007-ல, ஜூன் மாசம், அமெரிக்காவுல ஐபோன் விற்பனைக்கு வந்தது. மூடி இல்லாத போன். பேட்டரியை மாத்தணும்னா கம்பெனிக்கு அனுப்பு. அப்போ எல்லாரும் சிரிச்சாங்க. நோக்கியாக்காரங்களும் சிரிச்சிருப்பாங்க.

ஆண்ட்ராய்டு வந்ததும் சிரிப்பு நின்னு போச்சு. நாலு நாள் வந்த சார்ஜ் சாயங்காலம் வரைக்கும் வந்தாலே பெரிய விஷயம்னு ஆச்சு. 'எக்ஸ்டெண்டட் பேட்டரி'யோட பொற்காலம் இதுதான். கேலக்ஸி எஸ்2-க்கு 1650 எம்.ஏ.எச் பேட்டரி. சாம்சங்கே 2000 எம்.ஏ.எச் பேட்டரியை, கொஞ்சம் தடிச்ச மூடியோட தனியா வித்தது. வெளிக் கம்பெனிகள் இன்னும் மேல போனாங்க. ஜீரோலெமன்னு ஒரு பிராண்டு எஸ்3-க்கு 7000 எம்.ஏ.எச் பேட்டரி போட்டது. மாட்டினா போன் கூன் விழுந்த கிழவி மாதிரி இருக்கும். ஆனா அது நேர்மையான கூன்! கொள்ளளவு வேணும்னா இடம் வேணும், அவ்வளவுதான். பெரிய பேட்டரி வாங்குறதுல இருக்கிற ஒட்டுமொத்த சூத்திரமும் இதுதான்.

நம்ம பி.எல்-5சியையே எடுத்துக்குங்க. சுமார் 53 மி.மீ நீளம், 34 அகலம், 5.6 தடிமன், அதாவது பத்து கன செ.மீ. 1020 எம்.ஏ.எச், 3.7 வோல்ட், பெருக்கினா 3.8 வாட் அவர். அதே அளவு பெட்டிக்குள்ள ஒருத்தன் 3000 எம்.ஏ.எச்னு அச்சடிச்சு விக்கிறான்னா, 11 வாட் அவரை பத்து கன செ.மீ.க்குள்ள திணிச்சிருக்கான்னு அர்த்தம். லிட்டர் கணக்குல ஆயிரத்தைத் தாண்டுது. இன்னிக்கு இருக்கிற நல்ல போன் பேட்டரிகளே அந்த இடத்தைத் தொடலை. ஆக அந்த எண் பொய். அது போலின்னு சொல்ல லேப் வேண்டாம், ஸ்கேலும் கால்குலேட்டரும் போதும்.

போன மாசம் ஊருக்குப் போனப்போ சித்தப்பா தன்னோட பழைய எஸ்3-ஐ எடுத்துக்கிட்டு வந்தார். தறிக்குப் பக்கத்துல பாட்டு கேக்க வச்சிருக்கார். "பேட்டரி உப்பிப் போச்சுடா, ஆன்லைன்ல பெருசா ஒண்ணு போடு"ன்னார். தேடினா, ஒரிஜினல் 2100. அதே அளவுல, அதே மூடிக்குள்ள அடங்குற மாதிரி 4200-ன்னு ஒண்ணு பாதி விலைக்கு. நான் மேல சொன்ன கணக்கைப் போட்டுக் காட்டினேன். அவர் பொறுமையா கேட்டுட்டு, "எடை போட்டிருக்கானா பாரு"ன்னார். போடலை. "எடை சொல்லாதவன்கிட்ட நான் சரிகையே வாங்கமாட்டேன்"னுட்டார். நாலு வருஷம் இஞ்சினியரிங் படிச்சவனுக்கு இது தேவையா? ஆனா மனுஷன் சொன்னதுல வேதியியல் இருக்கு. கொள்ளளவு கூடினா உள்ளே சரக்கு கூடணும், சரக்கு கூடினா எடை கூடணும். போலி பேட்டரி பல சமயம் கையில வச்சாலே லேசா இருக்கும்.

எஸ்3-ல இன்னொரு கண்ணியும் உண்டு. அதோட என்.எப்.சி ஆண்டெனா பேட்டரி மேலதான் ஒட்டியிருக்கும். அது இல்லாத மாத்து பேட்டரி போட்டா அந்த வசதி போச்சு. அப்புறம் உள்ளே இருக்கிற பாதுகாப்பு சர்க்யூட். சார்ஜ் அளவு மீறினாலோ ஷார்ட் ஆனாலோ துண்டிக்கிற சின்னப் பலகை. விலையைக் குறைக்கணும்னா போலிக்காரன் முதல்ல கை வைக்கிறது அங்கதான். வெளியிலேர்ந்து அது தெரியவே தெரியாது. 2014-ல பி.ஐ.எஸ். பதிவு பேட்டரிக்கும் கட்டாயம்னு மத்திய அரசு அறிவிச்சது. இப்ப வாங்குறவங்க ஐ.எஸ். 16046-ங்கிற எண்ணும் அதோட பதிவு எண்ணும் இருக்கான்னு பாருங்க. பதிவு எண்ணை பி.ஐ.எஸ். கேர் ஆப்புல போட்டா எந்தக் கம்பெனின்னு வரும். சித்தப்பாவுக்கு அப்படிப் பார்த்துத்தான் சாதாரண 2100 ஒண்ணு வாங்கினோம்.

பொற்காலம் ரொம்ப நாள் நீடிக்கலை. சாம்சங் எஸ் வரிசையில மூடி கழட்டுற கடைசி போன் 2014-ல வந்த எஸ்5. அடுத்த வருஷம் எஸ்6-ல கண்ணாடியும் பசையும். மெலிசா இருக்கணும், தண்ணி புகக்கூடாதுன்னு காரணம் சொன்னாங்க. ஆனா எஸ்5 தண்ணியும் தாங்கிச்சு, மூடியும் கழண்டது. அதனால அந்த வாதத்தை நான் பாதிதான் நம்புறேன்.

அதே 2014, நவம்பர் 1-ல ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை நின்னு போச்சு. வருமான வரி வழக்குல மாட்டினதால மைக்ரோசாஃப்டுக்குக் கைமாற்ற முடியலை, அப்புறம் மைக்ரோசாஃப்டும் ஆர்டரை நிறுத்திடுச்சு. அதுக்கு முன்னாடியே விருப்ப ஓய்வுன்னு ஆயிரக்கணக்கானவங்களை அனுப்பியாச்சு. எங்க தெரு அக்காவும் அதுல ஒருத்தர். இப்ப ஒரு பட்டுக் கடையில கணக்கு எழுதறாங்க.

மூடி போனதோட விளைவு 2016-லயே தெரிஞ்சது. கேலக்ஸி நோட் 7-ல பேட்டரி தீப்பிடிச்சப்போ, கழட்டி மாத்த வழியில்லாததால போனையே திரும்ப வாங்கினாங்க. மாத்திக் கொடுத்ததும் தீப்பிடிக்க, அந்த மாடலையே நிறுத்தவேண்டியதாப் போச்சு. 2007-ல ஒரு கைப்பிடி பேட்டரியோட முடிஞ்ச வேலை. 2017 டிசம்பர்ல ஆப்பிள், பேட்டரி பழசான ஐபோன்களோட வேகத்தைக் குறைச்சதை ஒத்துக்கிட்டது. போன் பழசாயிடுச்சுன்னு நினைச்சு புதுசு வாங்கின பல பேருக்கு, மாத்த வேண்டியிருந்தது பேட்டரி மட்டும்தான். பெரிய பேட்டரி ஆசையெல்லாம் போனுக்கு வெளியே பவர் பேங்க்கா போயிடுச்சு. 2019-ல அத்திவரதர் தரிசன க்யூவுல பாதி கையில அதுதான் இருந்தது.

இப்ப ஐரோப்பா சட்டம் போட்டிருக்கு. கையடக்கக் கருவிகள்ல பேட்டரியை வாங்கினவரே கழட்டி மாத்த முடியணும், 2027 பிப்ரவரி 18-லிருந்து. போனுக்கு மட்டும் ஒரு சந்து விட்டிருக்காங்க. ஆயிரம் தடவை சார்ஜ் ஏறி இறங்கின பிறகும் 80 சதவீதம் தாங்கி, தண்ணியும் புகாம இருந்தா விலக்கு உண்டு. 2024-ல வந்த ஐபோன் 16-ல சின்ன மின்சாரம் கொடுத்தா பசை விட்டுக்கொடுக்கிற மாதிரி பண்ணியிருக்காங்க. மூடி இல்லை, ஆனா முன்னை மாதிரி நெம்ப வேண்டாம். ஐபோனை இப்ப செய்யற பெரிய ஆலைகள்ல ஒண்ணு எங்கே இருக்கு? அதே ஸ்ரீபெரும்புதூர் பக்கம், சுங்குவார்சத்திரத்துல. இன்னிக்கும் பெண்களை ஏத்திக்கிட்டு கம்பெனி பஸ் அதே ரோட்டுலதான் போகுது.

பி.எல்-5சி மட்டும் இன்னும் சாகலை. சீனாக்காரங்க சின்ன எப்.எம். ரேடியோ, புளூடூத் ஸ்பீக்கர்னு எதுக்கெல்லாமோ அதையே போடறாங்க. நோக்கியாவுக்குன்னு அளவெடுத்தது, கடைசியில டார்ச் கட்டை மாதிரி பொதுச் சொத்தாயிடுச்சு. எங்க தெருவுல நாலு தறிக்கு ஒரு தறிப் பக்கத்துல அப்படி ஒரு ரேடியோ பாடிக்கிட்டு இருக்கும். முதுகை உரிச்சுப் பார்த்தா உள்ளே அதே 53-க்கு 34, மேல ஏதோ கேள்விப்படாத பேர், கொள்ளளவு மட்டும் 2800-ன்னு போட்டிருக்கும்.